எக்ஸிமா உள்ளவர்களே, "சொறியும் பழக்கத்தை நிறுத்தித் தருகிறோம்" என்பவர்களிடம் ஜாக்கிரதை

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பணம் திரும்ப வராது என்று நேற்றுதான் முடிவாகச் சொன்னார்கள். போனது என் ஒரு மாதச் சம்பளம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து. சொறியும் பழக்கத்தை விடவைக்கும் ஆன்லைன் பயிற்சி ஒன்று கண்ணில் பட்டது. தனிப் பயிற்சியாளர் உண்டு, கை சொறியப் போனால் அதிரும் மணிக்கட்டுப் பட்டையும் உண்டு என்றார்கள். அவர்கள் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. இதே கடை நாளைக்கு வேறு பெயரில் வரும்.

நான் நம்பியது எந்த இடத்தில் தெரியுமா? முதல் வீடியோ காலில் பயிற்சியாளராக வந்த பெண் கேட்டாள்: "வேலை முடிந்து வந்து உடை மாற்றும்போது சொறிவீர்களா மேடம்? போன் பேசும்போது இன்னொரு கை கழுத்துக்குப் போகுமா? அரிப்பே இல்லாதபோதும் போகுமா?" அத்தனையும் நான்தான். வீட்டில் "சொறியாதே" என்று சொல்லாத ஆள் இல்லை. எப்போது கை போகிறது என்று கேட்ட ஆளும் இல்லை. கண் கலங்கிவிட்டது. அந்தக் காலிலேயே பணம் கட்டினேன். ஒரு மாதச் சம்பளம், ஒரே தவணையில்.

பட்டை வந்தது. பல் துலக்கினால் அதிர்ந்தது, தலை வாரினால் அதிர்ந்தது. ராத்திரி முழங்கால் மடிப்பைப் போர்வையில் தேய்த்தால் மட்டும் சும்மா இருந்தது. அதுகூடப் போகட்டும். "இது வெறும் பழக்கம்தான் மேடம், ஸ்டீராய்டு களிம்பை நிறுத்திவிடுங்கள், மாய்ஸ்சரைசரும் வேண்டாம்" என்றார்கள். நிறுத்தியதும் முழங்கை மடிப்பு சிவந்து வெடித்து நீர் வடிந்தது. மேலே தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியது. படம் எடுத்து அனுப்பினேன். "நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்று பதில் வந்தது. அது கிருமித் தொற்று! தோல் டாக்டர் பார்த்த உடனே ஆன்டிபயாடிக் எழுதினார்.

பணத்தைக் கேட்டால் முதலில் "பயிற்சி முழுதும் முடியட்டும்". அப்புறம் "உங்களுக்கு மனவுறுதி போதவில்லை". அப்புறம் பயிற்சியாளரே மாறிவிட்டார், புதியவர் "உங்கள் பிரச்சினை என்ன மேடம்?" என்று முதலிலிருந்து கேட்டார். கடைசியில் பட்டையைப் பிரித்துவிட்டால் பணம் கிடையாது என்று விதிமுறையைக் காட்டினார்கள். பிரிக்காமல் எப்படிக் கட்டிக்கொள்வது?

எனக்கு வயிறு எரிவதே இதில்தான்: பழக்கத்தை மாற்றும் முறை நிஜமானது, அது அவர்களுடையதும் இல்லை. 1973-இல் அஸ்ரின், நன் என்ற இருவர் தன்னையறியாமல் தசை வெட்டி இழுப்பது, நகம் கடித்தல் போன்றவற்றுக்கு வெளியிட்டது. ஸ்வீடனில் நொரேன், மெலின் ஆகியோர் அதை எக்ஸிமாவுக்குப் பயன்படுத்திய 1989 ஆய்வில் ஸ்டீராய்டு களிம்பும் கூடவே இருந்தது. என்னிடம் பணம் வாங்கியவர்கள் அதில் பாதியைத் திருடி, மீதியைத் தூக்கி எறியச் சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டர் அதே முறையைச் சாதாரண ஆலோசனை நேரத்திலேயே சொல்லிக்கொடுத்தார். முதலில் எப்போதெல்லாம் கை போகிறது என்று எண்ண வேண்டும். அப்புறம், கை கிளம்பியதும் முஷ்டியை இறுக்கி அரை நிமிடம் பிடிக்க வேண்டும். அப்போதும் அரித்தால் அந்த இடத்தில் நகத்தை அழுத்தலாம், இழுக்கக் கூடாது. சொறியச் சொறியத் தோல் தடிக்கும், தடித்த தோல் இன்னும் அரிக்கும். அதனால் களிம்பும் மாய்ஸ்சரைசரும் சேர்ந்தே நடக்க வேண்டும். வெளியே ஆறினது போலத் தெரிந்தாலும் உள்ளே ஆறியிருக்காது, அவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. மூன்றே விஷயம். டாக்டர் கொடுத்த களிம்பை நிறுத்தச் சொல்பவருக்குப் பணம் கட்டாதீர்கள். முதல் காலிலேயே முழுப் பணமும் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். நீர் வடிந்தாலோ பொருக்குக் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ படம் அனுப்பிக் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.