ஜீப்பின் பின்கதவில் எஸ்பிரெஸோ: நான்கு ஆண்டு அனுபவம்

கோவையிலிருந்து மாதம் ஒருமுறையாவது ஏதாவது ஒரு மலைக்கு ஜீப்பை ஓட்டிக்கொண்டு போகிறவன் நான். கூடாரம், ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு, இழுவைக் கயிறு, மண்வெட்டி ஆகியவற்றோடு நான்கு ஆண்டுகளாக ஒரு கைப்பம்பு எஸ்பிரெஸோ கருவியும் வருகிறது. எஸ்பிரெஸோ என்றால் வெந்நீரை அழுத்தத்தோடு தூளுக்குள் செலுத்தி இறக்கும் அடர்த்தியான காபி. தண்ணீர் பாட்டிலைவிடச் சிறியது. ஒரு முனையில் 8 கிராம் தூள், மறுமுனையில் வெந்நீர். பக்கவாட்டுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பம்பு செய்தால் கோப்பையில் காபி இறங்கும். பெட்டியில் 18 பார் அழுத்தம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதில் மயங்கித்தான் வாங்கினேன். எஸ்பிரெஸோவுக்கு 9 பார் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் ஓர் ஆண்டு நான் குடித்ததை எஸ்பிரெஸோ என்று சொன்னால் பொய். தாண்டிக்குடிக்கு மேலே தெரிந்தவருடைய காபித் தோட்டத்தில் அனுமதி வாங்கித் தங்கியிருந்தோம். (காப்புக்காட்டுக்குள் அடுப்பு பற்றவைக்கிற வேலையே வேண்டாம்.) காலையில் வேடிக்கை பார்க்க வந்த காவலாளிக்கு ஒரு கோப்பை போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “என்ன சார் இது, கசாயமா?” என்றார். பிறகு மரியாதைக்காக மீதியைத் தன் வறக்காபியில் ஊற்றி, வெல்லம் போட்டுக் குடித்து முடித்தார். சுற்றிலும் காபிச் செடி. நடுவில் அசடு வழிய நான்.

கோளாறு கருவியில் இல்லை, தூளில் இருந்தது. வழக்கமாக வாங்கும் கடையில் பிளாண்டேஷன், பீபரி என்ற இரண்டு வகைக் கொட்டைகளைக் கலந்து ஃபில்டருக்கு அரைத்துத் தருவார்கள். ஃபில்டரில் நீர் தன் எடையிலேயே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அதற்கு அந்த அரைப்பு சரி. அழுத்தத்தில் அதே தூள் தாங்காது. பத்து விநாடிக்குள் தண்ணீர் பாய்ந்து ஓடிவிடும், சாரம் தூளிலேயே தங்கிவிடும். நல்ல எஸ்பிரெஸோவுக்கு வீட்டு இயந்திரத்தில் 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி இறங்க 25 முதல் 30 விநாடி பிடிக்க வேண்டும். இந்தக் குட்டிக் கருவியில் 8 கிராமுக்கு 20 கிராம்வரை எடுப்பேன். நேரம் ஏறக்குறைய அதேதான். சிக்கரி கலந்த தூளையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். நனைந்ததும் களிபோல இறுகி வலையை அடைத்துக்கொண்டது. பொத்தான் கல்லாகிவிட்டது. பிடிவாதமாக அழுத்தியதில் மூடி இடுக்கு வழியாகப் பீய்ச்சி என் வெள்ளைச் சட்டைக்குக் காபி நிறம் வந்தது.

இரண்டாம் ஆண்டு கையால் சுற்றும் கிரைண்டர் ஒன்று வாங்கினேன். கூம்பு வடிவ எஃகுப் பற்கள் கொண்டது. விலை எஸ்பிரெஸோ கருவியைவிட அதிகம். கிரைண்டருக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு கையளவு கிரைண்டருக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் காபி மாறியது அன்றுதான். 8 கிராம் கொட்டையை அரைக்க ஒரு நிமிடம் சுற்ற வேண்டும். அந்த வாசனைக்கே பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஆள் எழுந்து வருவார்கள். கோப்பையில் தேன் நிற நுரை முதன்முதலாகப் படிந்ததைப் பார்த்ததும் நான் செய்த முதல் வேலை படம் எடுத்தது. குடிப்பதற்குள் ஆறிவிட்டது.

கரடுமுரடான பாதைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நான்கு மணி நேரம் ஜீப் குலுங்கினால் தூள் எவ்வளவு நைசாக விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் கிரைண்டர் வளையம் தானாகத் திரும்பிவிடுகிறது. முந்தின நாள் சரியாக இருந்த அரைப்பு மறுநாள் காலை ரவையாக வந்து விழும். மனைவியின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வளையத்திலும் ஒரு பொட்டு உடலிலும் வைத்தேன். இரண்டு பொட்டும் நேராக இருந்தால் அரைக்கலாம். விலகியிருந்தால் திருப்ப வேண்டும். நான்கு ஆண்டில் செய்த மிக மலிவான, மிகப் பயனுள்ள திருத்தம் இதுதான். புழுதி இன்னொன்று. பழைய சாக்ஸ் ஒன்றுக்குள் கிரைண்டரைப் போட்டுக் கட்டிவிட்டால் பற்களுக்குள் மண் போகாது.

இப்படியே தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மணாலியிலிருந்து லே வரை ஜீப்பில் போனோம். வழியில் சார்ச்சுவில் இரவு தங்கல். உயரம் சுமார் 4,300 மீட்டர். காலையில் அடுப்பைத் திருகினால் சுடர் தீக்குச்சி அளவுகூட இல்லை. எங்கள் கேன் வெறும் பியூட்டேன். குளிர் கூடக் கூட அது ஆவியாவது குறையும். அந்தக் குளிரில் உள்ளே திரவமாகவே உறங்கியது. கேனை ஜாக்கெட்டுக்குள் அணைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் எரிந்தது. அடுத்த இரவுகளில் அது என்னோடு தூக்கப் பைக்குள் படுத்துக்கொண்டது. குளிரிலும் ஆவியாகும் புரோப்பேன் கலந்த கேன் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எதுவானாலும் கேனை நெருப்பில் காட்டிச் சூடாக்க வேண்டாம்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தெர்மாமீட்டரை விட்டால் 86 டிகிரி! எஸ்பிரெஸோ கேட்பது 90 முதல் 96. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் ஏறவே ஏறாது. ஊட்டியில்கூடக் கொதிநிலை 93க்கு அருகில்தான், ஆனால் அங்கே நான் கவனித்ததில்லை. இந்த 86 டிகிரி நீரைக் குளிர்ந்த கருவிக்குள் ஊற்றினால் தூளைத் தொடும்போது என்ன மிஞ்சும்? முதல் கோப்பை பச்சைப் புளி. மூன்று மாற்றம் செய்தேன். தூள் போடாமல் வெந்நீரை இரண்டு முறை பம்பு செய்து வெளியேற்றிக் கருவியைச் சுடவைத்தேன். கம்பளிக் குல்லாயை அதற்கு மாட்டினேன். கிரைண்டர் வளையத்தை இரண்டு சொடுக்கு திருப்பி அரைப்பையும் நைசாக்கினேன். புளிப்பு அடங்கியது. அடர்த்தி மட்டும் கடைசிவரை வரவில்லை. மலைக்கு இலேசான வறுவல் எடுத்துப் போனது என் தவறு. குறைந்த சூட்டிலும் சாரத்தை விட்டுக்கொடுப்பது நன்றாகக் கறுக்க வறுத்த கொட்டைதான்.

அந்தப் பயணத்தில் மானத்தைக் காப்பாற்றியது, தற்செயலாகப் பெட்டியில் கிடந்த மோக்கா பாத்திரம், அதாவது அடுப்பில் வைத்தே காபி இறக்கும் பாத்திரம். 1933இல் இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெட்டியின் பெயரோடு வந்த எண்கோண அலுமினியப் பாத்திரத்தின் வம்சம். அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான், எனவே அது எஸ்பிரெஸோ ஆகாது, நுரையும் வராது. ஆனால் நீர் மூடிய அறைக்குள்ளேயே சூடாகி, கொதித்த சூட்டோடு நேராகத் தூளில் ஏறுகிறது. பாத்திரம் மாற்றி ஊற்றுவதில் போகும் சூடு இங்கே போவதில்லை. லடாக்கில் மீதி எட்டு நாளும் அதில்தான் குடித்தேன், குறையே இல்லை.

மின்சார வழியைப் பற்றிக் கேட்பவர்களுக்காக இது. நண்பர் ஒருவர் வீட்டு எஸ்பிரெஸோ இயந்திரத்தையே இன்வெர்ட்டரோடு தூக்கி வந்தார். 1,300 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டுமானால் 100 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஃபியூஸ் போனது, காபியும் போனது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறு கருவிகள் பரவாயில்லை. 120 வாட் என்று வைத்துக்கொண்டால் 100 மில்லி தண்ணீரைச் சூடாக்கக் குறைந்தது நான்கு நிமிடம். நடைமுறையில் இன்னும் கூடும். நால்வர் கோப்பையோடு நின்றால் நாலாமவருக்குக் கிடைக்கும்போது வெயில் ஏறிவிடும். கேஸ் அடுப்பே மேல்.

பராமரிப்பில் பெரிய வேலை இல்லை. சக்கையைத் தட்டினால் நாணயம்போல முழுதாக விழும். பையில் கட்டி ஊருக்குக் கொண்டுவருகிறேன். அரைக் கோப்பை நீரில் கருவியை அலசிவிடலாம். மூன்றாம் ஆண்டு சிலிக்கோன் வளையம் வெடித்து ஒழுகத் தொடங்கியது. வாங்கிய இடத்தில் உதிரிபாகம் கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானியங்கிப் பதில் வந்தது. பிளம்பிங் கடையில் அதே அளவு வளையம் இருந்தது. ஆனால் வெந்நீரும் வாயும் படுகிற பொருளில் அதைப் போட மனம் வரவில்லை. வேறொரு விற்பனையாளரிடம் உணவுத்தர சிலிக்கோன் வளையம் நான்கு வாங்கினேன். நீங்கள் கருவி வாங்கும் அன்றே இரண்டு சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பாலுக்கு டெட்ரா பாக்கெட்டும், தண்டை அழுத்திக் காபி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ் குடுவையும். சூடான பாலில் அதன் தண்டை இருபது முறை ஏற்றி இறக்கினால் நுரை தாராளம்.

இப்போது என் காபிப் பெட்டியில் இருப்பவை: கைப்பம்பு, சாக்ஸுக்குள் கிரைண்டர், மோக்கா பாத்திரம், தெர்மாமீட்டர், வறுத்துப் பத்து நாள் ஆறவிட்ட கொட்டை கால் கிலோ. அதிலேயே ஒரு பொட்டலம் வெல்லமும் இருக்கிறது. போன மாதம் தாண்டிக்குடியில் அதே காவலாளிக்கு இன்னொரு கோப்பை கொடுத்தேன். குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வெல்லம் மட்டும் கேட்டார்.