பாக்ஸ் லீக்: மூன்று வருடம் நடத்திய அனுபவம்

சென்ற வாரம் நண்பன் ஒருவன் கேட்டான். "எங்கள் டென்னிஸ் குழுவில் இருபது பேர். நேற்று மட்டை பிடித்தவனும் இருக்கிறான், கல்லூரி அணியில் ஆடியவனும் இருக்கிறான். நீ நடத்துகிற மாதிரி லீக் வைக்கலாமா?" போனில் சொல்லி முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஏற்பாடு வழக்கமானதுதான். ஆட்டக்காரர்களைத் தரவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிப்போம், அதுதான் 'பாக்ஸ்', அதாவது பெட்டி. பெட்டிக்கு ஐந்து பேர், நான்கு பெட்டி, ஒரு சீசன் ஆறு வாரம். அதற்குள் ஒரே பெட்டிக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் ஒருமுறை ஆட வேண்டும். முதலாமவர் மேல் பெட்டிக்கு ஏறுவார், கடைசி ஆள் கீழ்ப் பெட்டிக்கு இறங்குவார். ஜெயித்தால் 3 புள்ளி, தோற்றாலும் 1, ஆடாமல் விட்ட ஆட்டத்துக்கு இருவருக்கும் பூஜ்யம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது பேரும் ஆளுக்கு ஆள் மோதினால் 190 ஆட்டம். பெட்டி பிரித்தால் நாற்பதே. மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக், டியூஸ் (40-40) வந்தால் ஒரே பாயின்ட்டில் முடிவு என்று வைத்ததில் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தில் கோர்ட் காலியாகிவிடும்.

தொடக்கத்தில் என்.டி.ஆர்.பி. என்ற அமெரிக்க டென்னிஸ் தர அளவுகோலைக் கொடுத்து, 'நீங்களே உங்களை மதிப்பிடுங்கள்' என்றேன். புதிதாக ஆடுபவரில் தொடங்கி 7.0 வரை அரை அரையாக ஏறுவது. பாதிப் பேர் 3.5 என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது சர்வ் வலையைத் தாண்டாதவரும் 3.5, அவரை 6-0, 6-0 என்று அனுப்பி வைத்தவரும் 3.5. முதல் சீசன் கண்றாவி. ஆனால் மூன்றாவது சீசனில் பெட்டிகள் தாமாகவே சரியாகிவிட்டன. உன் தரம் இவ்வளவுதான் என்று யார் முகத்துக்கு நேராகவும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசிப் பெட்டியில் 7-5, 4-6, 10-8 என்று ஒரு ஸ்கோர் வந்த அன்று, ஆடியவர்களைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

சரி, இப்போது வயிற்றெரிச்சல்.

ஆடாத ஆட்டங்கள். மூன்று வருடமாக என் தூக்கத்தைக் கெடுப்பது இது ஒன்றுதான். 'இந்த வாரம் கொஞ்சம் டைட், அடுத்த வாரம் பார்ப்போமா' என்று ஒரு செய்தி, பதிலுக்கு ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான். ஆறு வாரம் ஓடிவிடும்.

ஒரு சீசனில் முதல் பெட்டியின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் ஒரே ஆட்டம் ஆடினார். 6-1, 6-0 என்று ஜெயித்தார். 3 புள்ளி. அவரிடம் தோற்றவர் மற்ற மூவரிடமும் தோற்றார், ஆனால் நான்கு ஆட்டத்துக்கும் வந்தார். 4 புள்ளி. இறங்கியது யார் என்று சொல்ல வேண்டுமா? அன்று இரவே போன்: "என்னிடம் 6-1, 6-0 என்று தோற்றவன் மேலே, நான் கீழேயா?" மீதி மூன்றையும் ஆடியிருக்கலாமே சார் என்றேன். அதோடு பேச்சு நின்றது.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வேலை, குடும்பம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் தண்டனை அவருக்கா விழுந்தது? அடுத்த ஆறு வாரம் இரண்டாவது பெட்டியில் நாலு பேரை வரிசையாக நின்று அடித்தார். ஒழுங்காக வந்து ஆடிய அந்த நாலு பேர் என்ன பாவம் செய்தார்கள்? கலப்புத் தரக் குழுவில் ஒருவர் வராமல் போனால் அடி விழுவது எப்போதும் கீழ்ப்பெட்டிக்காரர் மேல்தான்.

மருந்தும் போட்டுப் பார்த்தேன். ஆட வராவிட்டால் வாக்ஓவர், அதாவது எதிராளிக்கு ஆடாமலே வெற்றி என்றேன். உடனே யார் யாரைத் தட்டிக் கழித்தார் என்று வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகள் வந்து குவிந்தன, நான் நீதிபதி ஆனேன். அப்புறம் அதைத் தூக்கிவிட்டு, மூன்று ஆட்டமாவது ஆடாதவர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போக வேண்டும் என்று மாற்றினேன். ஓரளவு வேலை செய்கிறது. என்ன, கடைசி இரண்டு நாளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கோர்ட் வேண்டும்.

இத்தனை பேரை இத்தனை வித்தியாசமான தரத்தில் ஆட வைக்க இதைவிட நல்ல முறை நான் பார்க்கவில்லை. ஆனால் நண்பா, நீ கேட்டதற்குப் பதில்: வைக்காதே. வேறு யாராவது நடத்தினால் முதல் ஆளாகப் பெயர் கொடு. இல்லை, நடத்தியே தீருவேன் என்றால் என் எக்செல் ஷீட்டை அனுப்புகிறேன். அந்த மூன்று ஆட்ட விதியை மட்டும் முதல் நாளே போட்டுவிடு.