தெரிந்தே இல்லை என்கிறது: நோட் ஜேஎஸ் இம்போர்ட்டோடு சில வருடங்கள்

"பழைய ப்ராஜெக்டில் ரெக்வயரை எல்லாம் இம்போர்ட்டாக மாற்றலாமா? நீதான் ரொம்ப நாளாக அதோடு மாரடிக்கிறாயே" என்று போன வாரம் நண்பன் கேட்டான். நோட் ஜேஎஸ் என்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள். அதில் ஒரு ஃபைலுக்குள் இன்னொரு ஃபைலை, அதாவது மாட்யூலை, சேர்த்துக்கொள்ள ரெக்வயர் பழைய வழி, இம்போர்ட் புது வழி. ஒரு வரியில் பதில் அனுப்பப் பார்த்தேன், முடியவில்லை.

2020இல் நோட் 12.17 வந்து, ஃப்ளாக் (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் தனிக் குறிப்பு) எதுவும் கொடுக்காமலே இம்போர்ட் ஓட ஆரம்பித்ததும் மாறியவன் நான். ப்ராஜெக்டின் விவரங்களை வைத்திருக்கும் பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் டைப் என்பதற்கு மாட்யூல் என்று போடாவிட்டால் அப்போதெல்லாம் ஒரு திட்டு, போட்ட பிறகு பழக்க தோஷத்தில் ரெக்வயர் எழுதினால் இன்னொரு திட்டு. இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். அந்த எரர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. என்ன தப்பு என்று நேராகச் சொல்கின்றன, இரண்டு நிமிடத்தில் சரி செய்துவிடலாம். ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் பாதையைச் சொல்லும் டிர்நேம், இம்போர்ட்டுக்கு மாறியதும் காணாமல் போனதற்குக்கூட நோட் 20.11இல் இம்போர்ட் மெட்டாவுக்குள்ளேயே ஒரு வழி வந்துவிட்டது.

என் சண்டை எல்லாம் மூன்று எழுத்தோடு. புள்ளி, ஜே, எஸ்.

ரெக்வயர் காலத்தில் ஃபைல் பெயரை மட்டும் எழுதினால் போதும். எக்ஸ்டென்ஷனை, அதாவது பெயரின் கடைசியில் வரும் அந்தப் புள்ளி ஜேஎஸ்ஸை, நோட்டே சேர்த்துப் பார்க்கும். ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் உள்ளே போய் இன்டெக்ஸ் ஃபைலைத் தேடி எடுத்துவரும். இம்போர்ட்டில் இந்த உபசாரம் எதுவும் இல்லை. எக்ஸ்டென்ஷனை விட்டால் மாட்யூல் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். அதுகூடப் பரவாயில்லை. அதே எரரின் அடியில், "இந்த ஃபைலை இம்போர்ட் செய்ய நினைத்தீர்களா?" என்று முழுப் பாதையோடு கேட்கும் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த ஃபைல் என்று தெரிகிறது. எங்கே இருக்கிறது என்றும் தெரிகிறது. எடுத்துக் கொடுத்தால் என்ன?

நியாயமாகப் பார்த்தால் காரணம் இருக்கிறது. இது பிரவுசருக்கும் பொதுவான முறை. டிஸ்க்கில் நாலு இடம் தேடிப் பார்ப்பது சுலபம், பிரவுசரிலோ ஒவ்வொரு யூகமும் நெட்வொர்க் வழியாகப் போய்வர வேண்டும். நோட்டை உருவாக்கிய ரயன் டால் 2018இல் ஒரு மேடையில் தான் வருந்தும் விஷயங்களைப் பட்டியலிட்டபோது, எக்ஸ்டென்ஷனை விட்டுவிடலாம் என்று அனுமதித்ததையும் இன்டெக்ஸ் ஃபைலையும் அதில் சேர்த்திருந்தார். அவர் சொல்வது சரி. ஆனாலும் எழுதியதை ஜேஎஸ் ஃபைலாக மாற்றித் தரும் டைப்ஸ்கிரிப்ட் மொழியில், டிஸ்க்கில் இருப்பது டிஎஸ் ஃபைலாக இருக்க, இம்போர்ட் வரியில் இன்னும் பிறக்காத ஜேஎஸ் ஃபைலின் பெயரை எழுதச் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதே எரர் இன்னொரு வேஷத்திலும் வரும். என் மெஷினில் ஓடுகிறது, சர்வருக்கு ஏற்றினால் மாட்யூல் இல்லை என்கிறது. ஒரு மாலை முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஃபைல் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது, நான் இம்போர்ட்டில் எழுதியது சின்ன எழுத்து. விண்டோஸும் மேக்கும் பொதுவாக இதைக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் விடாது. சரி என்று ஃபைல் பெயரை மாற்றி மறுபடி ஏற்றினேன். அதே எரர். எழுத்தின் அளவு மட்டும் மாறினால் அந்த மெஷின்களில், ஃபைல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் பொதுவாக அதை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாது, கிட் எம்வி என்ற அதன் கட்டளையால் மாற்ற வேண்டும். (பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் ஃபைல் பெயர் வைத்திருக்கலாம் என்று அன்று நிஜமாகவே தோன்றியது.)

இவ்வளவு திட்டியும் ஏன் விடவில்லை? எதிர்பாராமல் கிடைத்த ஒரு நிம்மதிதான். இம்போர்ட்டில் எழுதிய எல்லா ஃபைல்களையும் தேடி, ஒன்றோடு ஒன்று கோத்து முடித்த பிறகுதான் என் நிரலின் முதல் வரியே ஓடும். ஒரு ஃபைல் இல்லை என்றாலும், இல்லாத பெயரை ஒரு ஃபைலிலிருந்து கேட்டிருந்தாலும், தொடக்கத்திலேயே விழுந்துவிடும். ரெக்வயரில் ஒரு ஃபங்ஷனுக்குள் ஒளிந்திருக்கும் தப்பான பாதை, யாராவது அந்த வழியாக வரும்வரை சத்தமே போடாது, ராத்திரியில்தான் வெடிக்கும். பழைய வேலை ஒன்றில் அப்படி இரண்டு முறை எழுந்திருக்கிறேன். மாறிய பிறகு ஒரு முறைகூட இல்லை.

அப்புறம் நோட் 22.12. முன்பெல்லாம் பிறர் எழுதித் தந்த ஒரு பேக்கேஜ் புது பதிப்பில் இம்போர்ட்டுக்கு மட்டும் என்று மாறிவிட்டால், ரெக்வயர் வைத்திருப்பவர்கள் பழைய பதிப்பிலேயே தங்கிவிடுவதுதான் வழக்கம். இப்போது ரெக்வயராலேயே அதை எடுக்கலாம், உள்ளே எங்கும் டாப் லெவல் அவெய்ட் (ஃபைல் ஏற்றப்படும்போதே எதற்காவது காத்திருக்கும் வரி) இல்லாதவரை. இரண்டு உலகத்துக்கும் நடுவே கதவு வைக்க இத்தனை வருடமா என்று கேட்கலாம். வந்ததே பெரிது.

இந்த இடம்வரை எழுதி, "மாற்றிவிடு" என்று முடிக்கத்தான் இருந்தேன். நேற்று என்னுடைய ஒரு சர்வீஸில் ரிப்போர்ட் எடுக்கும் பகுதி விழுந்தது. எப்போதாவது தேவைப்படுவது என்று அதை மட்டும் டைனமிக் இம்போர்ட்டில், அதாவது தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் முறையில், வைத்திருந்தேன். அது தொடக்கத்தில் சரிபார்க்கப்படாது, அந்த வரி ஓடும்போதுதான் தெரியும். லாகைத் திறந்தால் மாட்யூல் கிடைக்கவில்லை, கீழே அதே கேள்வி: இந்த ஃபைலை இம்போர்ட் செய்ய நினைத்தீர்களா?

ஆமாம், அதைத்தான் நினைத்தேன்.

நண்பனுக்கு அனுப்பிய பதில்: புதிதாகத் தொடங்குவதை இம்போர்ட்டில் தொடங்கு, ஓடிக்கொண்டிருக்கும் பழையதைத் தொடாதே. "அப்படியானால் நீ மட்டும் ஏன் மாற்றினாய்?" என்று கேட்டிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை.