"கொள்ளி யாரும்மா வைக்கிறீங்க?"

போன மாதம் அப்பா தவறிவிட்டார். ஆண் பிள்ளை இல்லாத வீடு, நானும் தங்கையும்தான். சாவு வீட்டுக்கு எல்லாம் ஏற்பாடு செய்து தரும் திருச்சிக்காரர்கள் சிலருக்குப் பக்கத்து வீட்டில் போன் போட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் ஃப்ரீசர் பெட்டியும் சாமியானாவும் வாசலில் இறங்கின.

வந்த அண்ணன் என்னிடம்தான் கேட்டார், "கொள்ளி யாரும்மா வைக்கிறீங்க?" நான்தான் என்றேன். சித்தப்பா முகம் சுருங்கியது. அண்ணனோ, "சரிம்மா, ஈரப் புடவையோட நிக்கணும், மாத்துப் புடவை ஒண்ணு எடுத்து வெச்சுக்கங்க" என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார். வரவிருந்த சண்டை அதோடு அடங்கியது.

அப்பா சைவர். தனக்குத் திருமுறைதான் பாட வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தார். நாங்கள் அதைச் சொன்னதும் ஓதுவாரை அழைத்து வந்தார்கள், சின்ன உரலும் உலக்கையும் அவர்களே கொண்டுவந்தார்கள். ஓதுவார் திருவாசகத்தில் வரும், சுண்ணம் இடிக்கும் பாட்டான திருப்பொற்சுண்ணம் பாடப் பாட மஞ்சள் இடித்தோம். தங்கை மகளுக்கு ஏழு வயது. உலக்கையில் என் கைக்குக் கீழே இரண்டு கையும் வைத்து இடித்தாள். அந்தப் பொடியை அப்பா நெஞ்சில் தூவினோம். அன்று முழுக்க என் விரலில் மஞ்சள் வாசம் இருந்தது.

திருச்சி ஓயாமாரி சுடுகாட்டில் எரிவாயு தகன மேடை. நெஞ்சில் கற்பூரம் ஏற்றினேன், உள்ளே தள்ளினார்கள், கதவு மூடியது. விறகு என்றால் மறுநாள்தான் எலும்பு பொறுக்குவார்கள். இங்கே அன்றைக்கே சாம்பல் கையில் வந்துவிடுகிறது. "அப்ப பால் தெளிக்கறது?" என்றார் சித்தப்பா. அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மண் கலயத்தில் துணி கட்டிப் பத்திரமாக வைத்திருந்து மறுநாள் காலையில் கொடுத்தார்கள். பால் தெளித்து ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியில் கரைத்தோம். அம்மாவும் படித்துறைக்கு வந்தாள்.

குறையும் உண்டு. பில் துண்டுச் சீட்டில் ஒரே தொகையாக வந்தது. பிரித்து எழுதச் சொன்னபோதுதான் வண்டி வாடகை இரண்டு முறை சேர்ந்திருந்தது தெரிந்தது, கேட்டதும் கழித்தார்கள். மயானத்திலிருந்து திரும்பும் வண்டியிலேயே கருமாதிக்கு எத்தனை பேர் சாப்பாடு என்று பேரம் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சாப்பாட்டை வேறு ஆளிடம் சொன்னோம். ஓதுவாரை மட்டும் பதினாறாம் நாளுக்கும் வரச் சொன்னோம்.

கூப்பிடுகிறவர்கள் என்னென்ன சடங்கு வேண்டும், எது வேண்டாம் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். காது கொடுத்துக் கேட்கிறார்கள்.