கியர்பாக்ஸ் வெப்ப முள் சொல்வது மெய்யா: ஸ்கேனரும் மல்ட்டிமீட்டரும்

1999 முதல் 2003 வரை வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி 7.3 லிட்டர் டீசல் பிக்அப்பில் டிரெய்லர் இழுப்பவர்கள், 4ஆர்100 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் சூட்டை டிகிரிக் கணக்கில் அறியத் தனியாக ஒரு கேஜ் வாங்கி மாட்டுவது வழக்கம். சாதாரண ஓட்டத்தில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை காட்ட வேண்டிய அந்த முள், ஒரு நாள் அடியிலேயே படுத்துவிட்டாலோ உச்சியில் ஒட்டிக்கொண்டாலோ, பழுது கியர்பாக்ஸிலா கேஜிலா என்ற கேள்வி எழுகிறது. விடை காண இரண்டு வழிகள் உண்டு: வண்டியின் கணினியில் செருகி அதன் அளவுகளைப் படிக்கும் ஸ்கேனர், மின்தடையை அளக்கும் மல்ட்டிமீட்டர்.

ஸ்கேனரின் பலம், அது வேறொரு சாட்சியைக் கேட்கிறது என்பதே. கியர்பாக்ஸுக்குள் சோலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) தொகுப்போடு சேர்ந்திருக்கும் நிறுவனத்தின் சொந்த சென்சாரை அது படிப்பதால், நாம் மாட்டிய கேஜின் கோளாறு அதைப் பாதிக்காது. ஆனால் இந்த அளவு தயாரிப்பாளருக்கே உரிய குறியீட்டில் வருவதால் ஸ்கேனரோடு இயங்கும் எல்லா மலிவான செயலிகளும் அதைக் காட்டிவிடுவதில்லை. மேலும், கேஜுக்காக நாம் மாட்டிய சென்சார், ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாயில் இருந்தால், டார்க் கன்வெர்ட்டரிலிருந்து (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) அப்போதுதான் வெளிவந்த ஆயிலை அது அளக்கும். ஏற்றத்தில் இரண்டு அளவுகளும் விலகி நிற்பது இயல்பு, அதைப் பழுதாகக் கொள்ளக் கூடாது.

அகச்சிவப்பு வெப்பமானியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். பளபளக்கும் அலுமினியப் பரப்பில் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும் என்பதால், கருப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளந்தால் ஒழிய நான் அதை நம்புவதில்லை.

முள் தவறு என்று ஸ்கேனர் சொல்லும். எங்கே தவறு என்று சொல்வது மல்ட்டிமீட்டரும் ஒரு துண்டு வயரும்தான். ஒற்றை வயர் சென்சாராக இருந்தால், சாவியைத் திருகி வைத்து, இன்ஜினை ஓட்டாமல், சென்சாரின் வயரைக் கழற்ற வேண்டும்: முள் குளிர்ந்த முனைக்கு விழ வேண்டும். அந்த வயர் நுனியை வண்டியின் உலோகத்தில் ஒரு கணம் தொட்டால் சூடான முனைக்கு ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜும் வயரும் பெரும்பாலும் நலம். சென்சாரையோ அதன் எர்த்தையோதான் சந்தேகிக்க வேண்டும். கழற்றிய பின்னும் முள் உச்சியிலேயே நின்றால், வயரின் உறை எங்கோ உருகி வண்டியின் உலோகத்தைத் தொடுகிறது. சைலன்சர் குழாயருகே முதலில் பாருங்கள். முகப்பு விளக்கைப் போட்டதும் முள் துள்ளினால் கேஜின் எர்த் சரியில்லை.

சென்சார் தன் மரை வழியாகவே எர்த் எடுப்பதால், டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியவர்களுக்கு முள் தாழ்ந்து நிற்பதுண்டு. சென்சாரின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டும். கழற்றிய சென்சாரைக் கொதிநீரில் நுனி மட்டும் மூழ்க வைத்தால், சூடு ஏற ஏற மின்தடை சீராக இறங்கும்; 100 டிகிரியில் கிடைக்கும் அளவைத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடலாம்.

எடுத்ததும் புது சென்சார் வாங்குவது மூன்றாவது வழி. வேறு நிறுவனத்தின் சென்சார் மரையில் பொருந்தினாலும் மின்தடைக் கணக்கு பொருந்தாமல் புதிய பொய்யொன்றைத் தரும் என்பதால், அதை நான் கடைசியில்தான் வைக்கிறேன். எப்படியும், உங்கள் சென்சார் கியர்பாக்ஸின் ஆயில் அழுத்தத்தைச் சோதிக்கும் துளையில் இருந்தால், அதைக் கழற்றும் முன் இன்ஜினை நிறுத்தி, ஆயில் ஆறிய பின், துளையை மூட 1/8 அங்குல அடைப்பான் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.