மண்டபத்தில் தைத்து வாங்கிய புயல் பாய்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு சின்னக் கடையில்தான் எங்கள் பாய்ப்படகுக்குப் புயல் பாய், அதாவது பலத்த காற்றில் முன்பாய்க்குப் பதிலாக ஏற்றுகிற சின்னப் பாய், தைத்தோம். முன்பாய் முக்கோணத்தின் (பாய்மரத்துக்கும் படகின் முன்முனைக்கும் நடுவில் உள்ள முக்கோணம்) உயரம் 10 மீட்டர், அந்த உயரத்தின் வர்க்கத்தில் 5 சதவீதத்துக்கு மேல் புயல் பாய் போகக்கூடாது என்பது கடலோட்டப் பந்தய விதி, அந்தக் கணக்கில் 5 சதுர மீட்டர் என்றதும் "இம்புட்டுச் சின்னதாவா?" என்று கேட்டார் தைக்கிற அண்ணன். வாடைக்காற்றில், ஆழமில்லாத பாக் நீரிணையில் அலை குட்டை குட்டையாக அடுத்தடுத்து எழும்பும்போது அந்த அளவுதான் படகைக் கட்டுக்குள் வைத்தது. கனமான டாக்ரான் (பாலியெஸ்டர்) துணி, மூன்று வரிசை வளைதையல் (ஜிக்ஜாக்), மூலைகளில் அடுக்கடுக்காக ஒட்டு, அருமையான வேலை! வளையங்கள் மட்டும் ஒரே மாதத்தில் துருவேறிவிட்டன, துருப்பிடிக்காத எஃகு என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், வெயிலில் போடாதீர்கள், நூல் நைந்துவிடும்.