சேலை கட்டி ஓட்ட ஏற்ற சைக்கிள்

சேலத்தில் கன்னங்குறிச்சியிலிருந்து சின்னக் கடைவீதிக்குத் தையல் வேலைக்குப் போகிறவள் நான். வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிள் வாங்கலாமா என்று யோசிக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஓட்டுவது 26 அங்குலச் சக்கரம், தாழ்ந்து வளைந்த பார், முழுச் செயின் கவர், முன்னால் கம்பிக் கூடை உள்ள சாதாரண லேடீஸ் சைக்கிள். கியர் கிடையாது. பல கம்பெனிகள் இந்த மாதிரியைச் செய்கின்றன; பெயின்ட்டும் ஸ்டிக்கரும்தான் வேறு வேறு.

எனக்கு இதில் முதல் மரியாதை செயின் கவருக்குத்தான். செயின் முழுக்கத் தகரத்துக்குள் ஓடுகிறது. சேலைக் கரையில் கிரீஸ் படுவதில்லை, கொசுவம் பல்சக்கரத்தில் மாட்டுவதில்லை. கடையில் கியர் சைக்கிளைத்தான் முதலில் காட்டுவார்கள். கியர் மாற்றும்போது செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். ஆகவே அதை இப்படி மூடி வைக்க வழியில்லை. நாள் முழுக்க அடுத்தவர் பட்டுத்துணியைத் தொட்டு வேலை செய்கிறவளுக்குக் கிரீஸ் பட்ட சேலை எவ்வளவு பெரிய தொல்லை என்று விளக்க வேண்டியதில்லை.

இதே கவரால் ஒரு சிரமமும் உண்டு. பின்பக்கத் திருகு தளர்ந்தால் தகரம் செயினில் உரசி வழியெல்லாம் கத்தும். பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடுவார்கள். டயர் மாற்ற வேண்டுமானால் கவரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மெக்கானிக் அதற்குத் தனிக் கூலி கேட்பார். கேட்பது நியாயம்தான், அவ்வளவு வேலை இருக்கிறது.

இனி ஏற்றம். கன்னங்குறிச்சி சேர்வராயன் மலையடிவாரத்துப் பக்கம். மலைத் தண்ணீர் மூக்கனேரிக்கு வந்து ஊருக்குள் இறங்குகிற வாட்டம் ரோட்டுக்கும் உண்டு. காலையில் சின்னத்திருப்பதி, அஸ்தம்பட்டி வழியாக வண்டி தானாகவே போவது மாதிரி போகும். சாயங்காலம் அதே ரோடு எதிரே நிற்கும். மிஷினில் குனிந்து உட்கார்ந்த இடுப்புக்கு அந்த ஏற்றம் லேசானது என்றாலும் லேசாகத் தெரியாது. என் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5 மீட்டர் போகும். பின்னால் 18 பல்லை எடுத்துவிட்டு 20 பல் ஃப்ரீவீல் போட்டுக்கொள்ளும்படி ஒரு வயதான மெக்கானிக் சொன்னார். போட்டேன். இப்போது ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர்தான், அந்த அளவுக்கு மிதிப்பதும் லேசு. சமதரையில் கொஞ்சம் வேகம் குறைந்தது உண்மை. அஸ்தம்பட்டிக்கு மேலே முழங்கால் வலி போனதும் உண்மை. லேடீஸ் வண்டி ஏற்றத்துக்கு உதவாது என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்துவிட்டுப் பேச வேண்டும். ஏற்காடு ஏற நினைப்பவர்களுக்கு இது வண்டி அல்ல. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிறு விடியலில் கியர் சைக்கிளில் அங்கே போகும் பிள்ளைகளின் தேவை வேறு.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லாதபோது ஏன் மிதிக்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் நமக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி, மழை நாளில் நானும் ஏறிக்கொள்கிறேன். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கடைசி ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்து முடிக்கும் நேரத்தை எந்த பஸ்ஸும் கேட்டு வைத்துக்கொண்டு நிற்பதில்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குப் பழைய பஸ் நிலையப் பக்கம் கூட்டம் நெரியும். பஸ் சுற்றிப் போகும். நான் இறங்கித் தள்ளிக்கொண்டே சந்து வழியாகப் போய்விடுவேன். எப்போது கிளம்புவது, எந்தத் தெருவில் நின்று கீரை வாங்குவது என்பதை நானே முடிவு செய்கிறேன். அதற்காகத்தான் மிதிக்கிறேன்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் சிலருடைய வண்டி மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு சைக்கிள். 2001-02இல் தொடங்கிய திட்டம் அது. மகள் கல்லூரிக்கு பஸ்ஸில் போகத் தொடங்கியதும் அம்மா அதை எடுத்துக்கொள்கிறாள். மகளின் பள்ளி எண்ணை மட்கார்டில் அழிக்காமல் வைத்திருக்கிறாள் ஒருத்தி. அந்த வண்டியை யாருக்கும் இரவல் தரமாட்டாள். ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்று மகளே சொல்லியும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் பிடிவாதம் எனக்கு முழுக்கப் புரிகிறது.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். ஸ்டீல் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். மழையில் வழக்கத்தைவிட முன்னதாகவே பிரேக்கை அழுத்தத் தொடங்க வேண்டும். கூடையில் துணி மூட்டையை வைத்துச் சைடு ஸ்டாண்டு போட்டால் ஹேண்டில் மடங்கி வண்டி சாய்ந்துவிடும். நடு ஸ்டாண்டு கேட்டு வாங்குங்கள். சுருள் ஸ்பிரிங் வைத்த அகல சீட் வேகத்தடைகளில் இடுப்பைக் காப்பாற்றுகிறது, அதை மெல்லிய சீட்டாக மாற்றாதீர்கள். வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர் குழாய் சேலம் வெயிலில் சீக்கிரம் உளுத்துவிடும். டயர் நன்றாக இருக்கும், பஞ்சர் இருக்காது, காற்று மட்டும் நிற்காது. வால்வு டியூப் ஒரு துண்டு வாங்கி பர்ஸில் ஊசி டப்பாவோடு போட்டு வைத்திருக்கிறேன். வால்வைக் கழற்றி, பழையதை உரித்து, எச்சில் தொட்டுப் புதியதை ஏற்றினால் ஐந்து நிமிட வேலை.

சைக்கிள் கடைக்கு முழு வண்டியாக வருவதில்லை, பாகங்களாக வந்து அங்கேதான் பூட்டுகிறார்கள். எனவே பூட்டுகிறவரின் கை எப்படியோ அப்படித்தான் வண்டி. வாங்கிய முதல் மாதத்திலேயே போக்ஸ் கம்பிகள் கொஞ்சம் தளரும். அப்போது அதே கடைக்குக் கொண்டுபோய்ச் சக்கரக் கோட்டம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். விலை பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.